வாயைப் பார்க்கிறவளின் முதல் ஆட்டம்

ஒருவரைப் பார்த்தால் எல்லோரும் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். செட்டக்கா வாயைப் பார்ப்பாள். அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. இருபத்தாறு வருஷமாகப் பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவளுக்குக் கண் வேறு எங்கே போகும்? பஸ்ஸில் எதிரே இருப்பவர் ஒரு கொட்டாவி விட்டால் போதும். மேல்வரிசை சொந்தப் பல்லா கட்டின பல்லா, எந்தப் பக்கம் மெல்லுகிறார், எந்தப் பக்கம் வலிக்கிறது என்று அவர் இறங்குவதற்குள் சொல்லிவிடுவாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள் என்பதுதான் கொஞ்சம் சங்கடம்.

முன்னறை டாக்டருடையது. நாற்காலி, விளக்கு, மெல்லிய பாட்டு எல்லாம் அங்கே. பின்னறையில் ஒரு நீள மேஜை, ஒரு சின்ன மோட்டார், பிளாஸ்டர் மூட்டை, மெழுகு உருக்கும் விளக்கு. சுவர் அலமாரியில் பெயர்ச்சீட்டு ஒட்டிய தாடைகள் வரிசையாக வாய் திறந்து நிற்கும். டாக்டர் எடுத்துக் கொடுக்கும் அளவில் அவள் பிளாஸ்டரை ஊற்றுவாள். எப்போதும் இரண்டு வார்ப்பு, ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்க வேண்டும். அதன்மேல் மெழுகில் பல்லைப் பதித்து, ஆளை வரச்சொல்லி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். மெழுகாக இருக்கும்போதே எல்லாத் திருத்தமும் செய்துவிட வேண்டும், கெட்டியான பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. அப்புறம் நீலத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். எங்கே நீலம் அழுத்தமாக விழுகிறதோ அங்கே ஒரு துளி ராவுவாள். மறுபடி தாள், மறுபடி ஒரு துளி. ஒரு நேரத்தில் ஒரு இடம். இரண்டு இடத்தில் கை வைத்தால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

இந்த ஒழுங்கெல்லாம் அவளுக்கு வேலையில் மட்டும்தான் இருந்தது. வீட்டில் அவள் எதையும் தூக்கிப் போடமாட்டாள். உடைந்த குடையிலிருந்து போன வருஷத்துக் காலண்டர் வரை எல்லாம் "எதுக்காவது ஆகும்" என்று ஒதுங்கியிருக்கும். தனியாள்தான், மூன்றாம் மாடியில் இரண்டு அறை. அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பார்த்துக்கொண்டதே அவளுடைய தம்பிதான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவளைவிட ஒன்பது வயது சின்னவன், அவளைவிட ஒன்பது மடங்கு பேசுகிறவன். கடைசிப் பதினோரு மாசம் அவனால் படியேற முடியவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, மடியில் ஒரு பலகையை வைத்துக் கம்ப்யூட்டரில் ஒரே விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தான். திறந்த உலக விளையாட்டு. அதில் ஒரு பெரிய நாடே இருக்கும், மலையும் ஆறும் சந்தையும் இருக்கும். கதை என்று ஒன்று உண்டு, ஆனால் அதன் பின்னாலேயே போக வேண்டிய கட்டாயம் கிடையாது. கால் போன போக்கில் போகலாம். கால் போகாதவனுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

செட்டக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவாள். அவன் அந்த நாட்டைப் பற்றியே சொல்லிக்கொண்டிருப்பான். ஏரிக்கரையில் ஒரு வீடு கட்டியிருக்கிறானாம், அதில் அவளுக்கும் ஒரு அறை வைத்திருக்கிறானாம். மருந்தின் சூட்டில் அவன் வாய் முழுக்கப் புண். ஈறு வெளுத்துக் கீழ்ப்பல் இரண்டு ஆட ஆரம்பித்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் மூச்சு வாங்க நிறுத்தும்போது, உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாயா என்று கேட்பாள். "ஒரு தடவை நீயும் விளையாடிப் பாருக்கா" என்பான். அப்புறம் பார்க்கலாம் என்பாள். அவன் போய் எட்டு மாசம் ஆகிறது. வீட்டைப் பற்றி அவன் என்னென்ன சொன்னான் என்று யோசித்தால், அவளுக்கு ஏரி என்ற ஒரு சொல்லும் ஆடின இரண்டு பல்லும்தான் ஞாபகம் வந்தன.

அதனால்தான் தம்பி மனைவி வீடு மாறப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் போய் நின்றாள். தம்பி மனைவி டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். தினமும் பத்துப் பேர் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதைப் பார்த்தும் குரல் உயர்த்தாதவள். கம்ப்யூட்டரைத் தன் அண்ணனுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். மாசக் கடைசியில் அவர் வந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தன் கடைக்கு எடுத்துப் போவார். அதுவரை இருபத்திரண்டு நாள் இருந்தது.

"எனக்கு அந்த வீட்டைப் பாக்கணும்" என்றாள் செட்டக்கா.

"எந்த வீட்டை?"

"அவன் கட்டினானாமே."

தம்பி மனைவி கம்ப்யூட்டரை எடுத்து வந்தாள். ஒயரைச் சுருட்டிக் கையில் கொடுத்தாள்.

கம்ப்யூட்டரைத் திறந்தால் விளையாட்டு நேராக வரவில்லை. அதற்கு முன்னால் திரையில் வேறொரு பலகை வந்து நின்றது, ஒரு நீண்ட பட்டியலோடு. நூற்று நாற்பத்து மூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு டிக். இரண்டு நாள் அங்கே இங்கே தேடிப் படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மோட் என்பார்களாம். விளையாட்டைச் செய்த கம்பெனிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத யாரோ ஒருவர், தனக்குப் பிடிக்காத ஒன்றைத் திருத்தியோ பிடித்த ஒன்றைச் சேர்த்தோ ஒரு துண்டு செய்து சும்மா கொடுப்பார். வேண்டுமென்றால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒருவர் செய்த செட்டில் ஊரே கூடி ராவுகிற மாதிரி என்று அவள் புரிந்துகொண்டாள். அப்படி நினைத்ததும் பட்டியலின் மேல் ஒரு மரியாதை வந்தது, கூடவே பயமும் வந்தது.

ஒவ்வொரு மோட்டின் பக்கத்திலும் குறிப்பு எழுத ஓர் இடம் இருந்தது. தம்பி எழுதியிருந்தான். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்து அவள் அதைத்தான் படித்தாள். மழைச் சத்தத்தை மாற்றும் ஒரு மோட்: "ஊசி போட்ட அன்னிக்கு மட்டும்." பகலை நீளமாக்குவது ஒன்று: "இன்னும் கொஞ்சம் வெளிச்சம்." எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று ஒன்று, அதற்குக் குறிப்பே இல்லை. ஓநாய்கள் அடிக்க வராமல் விலகி ஓடும் ஒரு மோட்டுக்கு, "கொல்ல மனசு வரல, அதுக்கும் வேலை இருக்கும்" என்று எழுதியிருந்தான். சந்தையில் சாப்பாட்டு வகைகளை அறுபதாக்குவது ஒன்று: "சும்மா பாக்க." அந்த மாசங்களில் அவனுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை.

முப்பத்தெட்டாவது வரியில் அவள் சிரித்துவிட்டாள். அந்த நாட்டின் சுரங்கங்களில் ஆளை மேலே தூக்கும் மரத்தட்டு ஒன்று உண்டாம். அதன் சங்கிலி சுற்றும் திசையை மட்டும் மாற்றுகிற மோட் அது. "தட்டு மேல போகுது, சங்கிலி கீழ் இறங்குற மாதிரி சுத்துது. ரெண்டு நாளா தூக்கம் இல்லை" என்று எழுதியிருந்தான். எங்கோ ஓர் ஊரில் இன்னொரு லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்து அதைச் செய்திருக்க வேண்டும். வேறு யாருக்கு அது கண்ணில் படும்?

வீட்டுக்குப் போவது எப்படி என்று தெரியவில்லை. தம்பி விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு சேமிப்பு இருந்தது. அதைத் தொடுவதற்கு முன்னால் நடக்கவாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. முதல் வேலையாக அந்தச் சேமிப்பை ஒரு பிரதி எடுத்து வைத்தாள், வார்ப்பு எப்போதும் இரண்டு அல்லவா. அப்புறம் புது ஆட்டம் தொடங்கினாள்.

முதல் காட்சியில் ஒரு வண்டிக்காரர். மழை பெய்துகொண்டிருக்க, அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தார். நல்ல குரல். ஆனால் அவர் வாயைத் திறந்ததும் செட்டக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே பல்லே இல்லை. பல் இருக்க வேண்டிய இடத்தில் சோப்புக்கட்டியை வளைத்து வைத்த மாதிரி வெள்ளையாக ஒரே துண்டு. மேலும் கீழும் அதே. நாக்கு என்ற பேச்சே கிடையாது. வண்டிக்காரர் ஐந்து நிமிஷம் பேசினார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

மறுநாள் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அது விளையாட்டும்மா, அவங்களுக்கு மெல்லுற வேலை இல்லை" என்றார். அது ஒரு சமாதானமா? அன்றே தேடிப் பிடித்துப் பல்லுக்கான மோட் ஒன்றை இறக்கினாள். முப்பத்திரண்டும் தனித்தனியாக, கடைவாய்க் குழி உட்பட. செய்தவர் விஷயம் தெரிந்தவர். அதைப் பட்டியலின் உச்சியில் வைத்தாள். பல்லுக்கு மேலே வைக்க வேறென்ன இருக்கிறது?

அன்று சாயங்காலம், இப்போது போகலாம் என்று தம்பியின் சேமிப்பைத் திறந்தாள். ஆட்டம் திறக்கிறது என்று காட்டும் நீலக்கோடு பாதிவரை ஓடி நின்றது. திரை ஒரு தடவை இமைத்தது. விளையாட்டு தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். பாதிக்கோடு, மூடிக்கொண்டது. பிரதியைத் திறந்தாள். அதுவும் அப்படியே.

எட்டு நாள் அதே கதை. விளையாடுகிறவர்கள் கூடிப் பேசும் ஓர் இணையதளத்தில் போய்க் கேட்டாள். முதல் ஆட்டத்துக்கு மோட்டே வேண்டாம், செய்தவன் செய்தபடி பார் என்றார் ஒருவர். அறுபது மோடாவது இல்லாமல் அந்தப் பக்கமே போகாதே என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் அவளை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். கிழட்டுநரி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் மட்டும் பொறுமையாக விளக்கினார். ஏதோ ஒரு மோட் மற்றதோடு ஒத்துப்போகாமல் முட்டுகிறது, பாதியை எடுத்துப் பாருங்கள், இன்னும் மூடினால் மீதி பாதியில் குற்றம், இப்படியே பாதி பாதியாகக் குறைத்து வாருங்கள் என்றார்.

அது அவளுக்குத் தெரிந்த வேலைதான். நீலத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வந்து கோடு போட்டாள். எழுபத்தொன்றை எடுத்தாள், மூடிக்கொண்டது. அதை வைத்து மற்றதை எடுத்தாள், மூடிக்கொண்டது. கால்வாசி, அரைக்கால்வாசி. மழையை எடுத்தாள், ஓநாயை எடுத்தாள், சங்கிலியை எடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. கோடு பாதியைத் தாண்டவில்லை. நோட்டில் பதினோரு பக்கம் நிரம்பியது. மாசக் கடைசிக்கு நாலு நாள்தான் இருந்தது. வீட்டைத் தானே இடித்துவிட்டோமோ என்று ஒரு எண்ணம், பிளாஸ்டர் கலக்கும்போதும் சாலை கடக்கும்போதும் கூடவே வந்தது. கலவை இரண்டு தடவை கையிலேயே இறுகிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி மனைவி வந்தாள். கம்ப்யூட்டரை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்கத்தான் வந்திருந்தாள். செட்டக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைக் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"எல்லாத்தையும் ஒரு தடவையாவது எடுத்துப் பாத்தீங்களாக்கா?"

"எல்லாத்தையும்."

தம்பி மனைவியின் விரல் பட்டியலின் உச்சிக்குப் போனது. "இது நோட்டுல எங்கயும் காணோமே."

"அது பல்லு."

"அதான் கேக்கறேன்."

"பல்லை எதுக்கு எடுக்கணும்?"

தம்பி மனைவி நோட்டை மூடி வைத்தாள். ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு வண்டி ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறவர்களை எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். செட்டக்காவுக்குக் காது சுட்டது. எட்டு நாளும், ஒவ்வொரு பாதியிலும், பல் மட்டும் போட்டபடியே இருந்திருக்கிறது. அதைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நூற்று நாற்பத்து மூன்றைச் சோதித்தவள் நூற்று நாற்பத்து நாலாவதை விட்டிருந்தாள்.

டிக்கை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் தம்பி மனைவி, "இருங்க, இது என்ன?" என்றாள். வண்டியில் ஏறியதும் எல்லாக் கண்ணாடியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிற பழக்கம் அவளுக்கு. பலகையின் இடது மூலையில் நகத்தளவு ஒரு கட்டம் இருந்தது. அதற்குள் "எனக்கு" என்று எழுதியிருந்தது. செட்டக்கா அதைத் தினமும் பார்த்திருக்கிறாள், அது ஒரு தலைப்பு என்று நினைத்து விட்டுவிட்டாள்.

"எனக்குன்னு ஒண்ணு இருந்தா, வேற யாருக்கோன்னு ஒண்ணு இருக்கணுமே" என்று தம்பி மனைவி அந்தக் கட்டத்தை அழுத்தினாள்.

கட்டம் கீழே விரிந்தது. இரண்டாவதாக ஒரு பெயர் இருந்தது. "அக்காவுக்கு."

அதைத் தொட்டதும் நூற்று நாற்பத்து நாலும் மறைந்து, வேறொரு பட்டியல் வந்தது. மூன்றே மூன்று வரி. மேலே அவன் குறிப்பு: "முதல் தடவை இது போதும். என் சேமிப்பைத் திறக்காதே. வீட்டை முதல்லயே பாத்துட்டா என்ன இருக்கு? நடந்து வா."

பிறகு தம்பி மனைவிதான் மெதுவாக ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

முதலாவது, சுமை. எவ்வளவு பொருளை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு நடக்கலாம். "அக்கா எதையும் கீழே போட மாட்டா. நாலு அடில மூட்டை கனத்து நின்னுடுவா."

தம்பி மனைவி அறையைச் சுற்றி, குடையையும் காலண்டரையும் பார்த்தாள்.

இரண்டாவது, பல். செட்டக்கா இறக்கியது அல்ல, வேறொருவர் செய்தது. "இது எதோடயும் முட்டாது, பாத்துட்டேன். இது இல்லேன்னா அக்கா கதையைக் கேக்க மாட்டா, வாயைத்தான் பாப்பா."

செட்டக்கா எழுந்து ஜன்னல்பக்கம் போனாள். அவன் சொல்லச் சொல்லத் தான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவனுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லியிருக்கிறான். கட்டிலில் சாய்ந்தபடியே, எந்தப் பல் எதோடு முட்டும், எது முட்டாது என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

"மூணாவது என்னன்னு கேக்கலையா?" என்றாள் தம்பி மனைவி.

"படி."

"யாராவது பேசி முடிச்சப்புறம், திரும்ப முதல்லேருந்து பேச வைக்கலாமாம்." அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். "குறிப்பு: ஒரு தடவை சொன்னா அக்காவுக்கு ஏறாது."

செட்டக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். "திமிரு பாரு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. அவன் வீடு இருக்கா, போயிடுச்சா, அது மட்டும் தெரிஞ்சா போதும்."

மறுபடி "எனக்கு" பட்டியலுக்குப் போனாள். எட்டு நாளில் எடுத்ததையெல்லாம் நோட்டைப் பார்த்து ஒன்றுவிடாமல் திரும்பப் போட்டாள். கடைசியாக, உச்சியிலிருந்த பல்லின் டிக்கை எடுத்தாள். சேமிப்பைத் திறந்தாள். நீலக்கோடு பாதிக்கு வந்தது. தாண்டியது. முக்கால் ஆயிற்று. கரும்பச்சையாய்த் தண்ணீர் போல ஏதோ திரையின் அடியிலிருந்து தெரிய ஆரம்பித்தது. செட்டக்கா உள்ளங்கையால் திரையை மறைத்து, இன்னொரு கையால் ஆட்டத்தை மூடினாள்.

"இருக்கு" என்றாள்.

"ஒரு ஓரமாவது பாத்திருக்கலாம்."

"நடந்து வரச் சொல்லியிருக்கானே."

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று தம்பி மனைவி கேட்டாள். தெரியாது என்றாள் செட்டக்கா. நாலு நாளில் முடியுமா என்றால், அதுவும் தெரியாது. தம்பி மனைவி கொஞ்ச நேரம் தன் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "எங்க அண்ணன் வேற வாங்கிக்கட்டும்" என்றாள். "கடையில உக்காந்து சீட்டாட அவருக்கு இது எதுக்கு? நான் சொல்லிக்கறேன். ஆனா வீட்டுக்குப் போய்ச் சேர்ற அன்னிக்கு என்னையும் கூப்பிடணும். உங்க தம்பி எனக்கு ரூம் வச்சாரா இல்லையான்னு பாக்கணும்."

"வைக்காம இருப்பானா?"

"யாரு கண்டா. லிஃப்ட்தான் வச்சிருப்பாரு."

செட்டக்கா "அக்காவுக்கு" பட்டியலில் புது ஆட்டத்தைத் தொடங்கினாள். மழை. வண்டி. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துப் பேசத் தொடங்கினார். பல் இருந்தது. தனித்தனியாக, லேசான மஞ்சளோடு, அந்த வயதுக்குத் தகுந்த தேய்மானத்தோடு. கீழ்வரிசையில் ஒன்று கொஞ்சம் சாய்ந்துகூட இருந்தது. எத்தனை பேருக்கு அப்படிச் செய்யத் தோன்றும்? மேலும் கீழும் கூடுகிற இடம்தான் ஒரு துளி உயரம், நீலத்தாள் வைத்தால் இடது கடைவாயில் அழுத்தமாக விழும். மற்றபடி குறை சொல்ல முடியாத வேலை. வண்டிக்காரர் பேசி முடித்து முன்னால் திரும்பிக்கொண்டார்.

"என்ன சொன்னாரு?" என்றாள் தம்பி மனைவி. அவள் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்ததில் பாதிதான் கேட்டிருந்தாள்.

செட்டக்காவுக்கு அந்த இடது கடைவாய்தான் ஞாபகம் வந்தது. பிறகு, மூன்றாவது மோட் கொடுத்த பொத்தானைத் தேடி அழுத்தினாள். வண்டிக்காரர் சலித்துக்கொள்ளாமல் மறுபடி திரும்பினார். இந்தத் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மழையில் நனைந்த பாதையைப் பற்றி வண்டிக்காரர் சொன்னார். மாட்டுக்கு ஒரு கண் தெரியாது, அதனால் எப்போதும் வலதுபக்கமே இழுக்கும் என்றார். இறக்கிவிடும் இடத்திலிருந்து பாதை இரண்டாகப் பிரியும், எல்லோரும் கோட்டைப் பக்கம்தான் போவார்கள், அவசரம் இல்லாதவர்கள் மற்ற வழியில் போகலாம் என்றார். அந்த வழி நீளம், அதில் பார்க்க ஒன்றும் இல்லை, போகப் போக ஒரு ஏரி மட்டும் வரும்.

கண்ணைத் திறக்காமலே, இன்னும் ஒரு தடவை அந்தப் பொத்தானை அழுத்தினாள் செட்டக்கா.